தொலைந்த ஆடு எந்த மந்தையைச் சேர்ந்தது? ஆதித் திருச்சபையில் ஓர் உவமை பட்ட பாடு

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் மூன்று உவமைகள் அடுத்தடுத்து வருகின்றன. நூறு ஆடுகளில் ஒன்று தொலைகிறது. பத்து வெள்ளிக்காசுகளில் ஒன்று தொலைகிறது. இரண்டு மகன்களில் இளையவன் பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு தூரதேசம் போய்ச் சீரழிகிறான். வழிதவறிய விசுவாசியைக் கடவுள் கைவிடமாட்டார் என்று சொல்ல வரும் எந்தப் பிரசங்கியாரும் முதலில் புரட்டுவது இந்த அதிகாரத்தைத்தான். முதல் மூன்று நூற்றாண்டுகளில் நிலைமை வேறு. தொலைந்த ஆடு என்பது திருமுழுக்குப் பெற்றபின் விழுந்த கிறிஸ்தவனா, கிறிஸ்துவை இன்னும் அறியாத புறமதத்தானா என்று திருச்சபைக்குள்ளேயே கடும் வழக்கு நடந்தது. அந்த வழக்கை முடித்ததில் வேத விளக்கவுரைகளைவிட, கி.பி. 250இல் ஒரே நேரத்தில் விழுந்த பெருங்கூட்டத்துக்கே பங்கு அதிகம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சிக்கலின் வேர் திருமுழுக்கில் இருந்தது. அது முந்தைய பாவங்கள் அனைத்தையும் கழுவிவிடுகிறது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அதற்குப் பின் கொலை, விபசாரம், விக்கிரக ஆராதனை என்று பெரும் பாவத்தில் விழுந்தவனை என்ன செய்வது? எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் 6ஆம் அதிகாரம், ஒருமுறை ஒளியைப் பெற்று மறுதலித்தவர்களை மறுபடியும் மனந்திரும்பச் செய்வது கூடாத காரியம் என்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் எழுந்த ‘ஹெர்மாவின் மேய்ப்பன்’ என்ற நூல் கதவைச் சற்றே திறந்தது: திருமுழுக்குக்குப் பின் ஒரே ஒரு வாய்ப்பு உண்டு, அதற்கு மேல் இல்லை. அந்தச் செய்தியை அங்கே கொண்டுவருபவர் மேய்ப்பன் உருவில் தோன்றும், மனந்திரும்புதலுக்குரிய வானதூதர்.

இந்த வழக்கின் இரு பக்கத்திலும் வாதாடிய ஒரே வழக்கறிஞர் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனந்திரும்புதல் பற்றி எழுதிய நூலில், பாவத்தில் விழுந்த கிறிஸ்தவர்களைத் தேற்ற அவர் எடுத்துக்காட்டுவது ஆட்டையும் காசையும் இளைய மகனையும்தான். சில ஆண்டுகளில் மொந்தானியர் என்ற இயக்கத்தாரின் கடும் ஒழுக்கநெறி அவரை ஈர்த்துக்கொண்டது. விபசாரம் செய்தவர்களுக்கும் மன்னிப்பு உண்டு என்று ஓர் ஆயர் அறிவித்தபோது, ‘கற்பொழுக்கம்’ என்ற நூலில் அவர் தம் பழைய விளக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினார். ஆடும் காசும் இளைய மகனும் புறமதத்தாரையே குறிக்கும். இந்த உவமைகளைச் சொன்னபோது இயேசுவைச் சூழ்ந்திருந்த வரிதண்டுவோரும் பாவிகளும் அத்தகையோரே. தந்தை வீடு திரும்பி மோதிரம் பெறுவதை விழுந்த கிறிஸ்தவனுக்குப் பொருத்தினால் எல்லோரும் துணிந்து சொத்தை அழிப்பார்கள் என்பது அவர் வாதம். எதிராளிகளின் திருவிருந்துக் கிண்ணங்களில் வரைந்திருந்த மேய்ப்பன் உருவத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஹெர்மாவின் நூலை விபசாரிகளின் மேய்ப்பன் என்றே நையாண்டி செய்தார். மன்னிப்பை அறிவித்த ஆயர் ரோமின் கல்லிஸ்துவா, கார்த்தேஜின் ஆயரா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். கல்லிஸ்துவும் தம் பங்குக்குப் பெரும் பாவிகளைச் சேர்த்துக்கொண்டவர்தான். அவரது எதிரி இப்போலித்து எழுதியதாகக் கருதப்படும் நூலின்படி, அதற்கு அவர் காட்டிய ஆதாரம் கோதுமையும் களைகளும், நோவாவின் பேழையில் இருந்த சுத்தமும் அசுத்தமுமான மிருகங்களும்.

தெர்த்துல்லியனின் வாதத்தை வெறும் கல்நெஞ்சம் என்று ஒதுக்கிவிட முடியாது. சிரியாவின் தூரா எயுரோப்போஸ் நகரில், ஏறத்தாழ 256இல் நகரம் அழியுமுன் வழிபாட்டு இல்லமாக இருந்த ஒரு வீட்டில், ஆட்டைத் தோளில் சுமந்த மேய்ப்பன் ஓவியம் திருமுழுக்குத் தொட்டிக்கு மேலேதான் இருந்தது. புறமதத்தார் சபைக்குள் நுழையும் இடம் அது. அந்த ஆடு புதிதாக வருபவன் என்று பார்ப்பதற்கு இடம் இருக்கவே செய்தது.

249இன் இறுதியில் பேரரசர் தேக்கியுஸ், குடிமக்கள் எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்று பெறவேண்டும் என்று ஆணையிட்டார். எகிப்தின் மணலில் இத்தகைய பாப்பிரஸ் சான்றுகள் நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் 72 வயது ஔரேலியு தியோகெனஸ், வலப் புருவத்தில் தழும்புள்ளவர், தாம் எப்போதும் பலியிட்டு வந்ததாகவும், இப்போது அதிகாரிகளின் முன்னிலையிலேயே பலியிட்டு, பானம் வார்த்து, படையலை உண்டதாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறார். முதலை தெய்வமான பெத்தெசூக்கோசின் பூசாரிணி ஒருத்தி வாங்கிய சான்றும் உண்டு. எனவே சான்று வைத்திருந்தவர் எல்லோரும் கிறிஸ்தவர் அல்லர். ஆனால் கிறிஸ்தவர்கள் திரள்திரளாகப் போனார்கள். சிலர் பலியிட்டார்கள், சிலர் பணம் கொடுத்துச் சான்றை மட்டும் வாங்கினார்கள். ரோமின் ஆயர் பபியான் 250 ஜனவரியில் உயிர்விட்டார். கார்த்தேஜின் ஆயர் சிப்பிரியான் தலைமறைவானார்.

புயல் ஓய்ந்ததும் அதே கூட்டம் கோயில் வாசலில் நின்றது. சிறையில் உறுதியாய் நின்றவர்கள் அவர்களுக்கு, திரும்பச் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்கும் சமாதானச் சீட்டுகளை வாரி வழங்கியிருந்தார்கள். சிப்பிரியான் அதை ஏற்கவில்லை. எல்லோரையும் விரட்டவும் இல்லை. 251இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள், சான்று மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்க்கலாம், பலியிட்டவர்கள் வாழ்நாள் முழுதும் தவம் செய்து சாகும் தருவாயில் சமாதானம் பெறலாம் என்று முடிவுசெய்தனர். ஓரிரு ஆண்டுகளில் அடுத்த துன்புறுத்தல் வரும் என்ற அச்சம் எழுந்தது. உடனே 42 ஆயர்கள் சேர்ந்து, தவத்தில் இருந்த அனைவரையும் ஏற்றார்கள்: போருக்கு அனுப்புபவர்களை நற்கருணையின் பலம் இல்லாமல் அனுப்பக்கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். இரக்கத்தோடு நடைமுறைக் கணக்கும் இதில் கலந்திருந்தது. அந்தோனியானு என்ற ஆயருக்கு எழுதிய கடிதத்தில், தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடும் மேய்ப்பனைச் சிப்பிரியான் விழுந்தவர்களின் சார்பில் சாட்சிக்கு அழைத்தார். தெர்த்துல்லியனின் ஊரிலேயே அவர் வாதம் தோற்றது.

அலெக்சாந்திரியாவில் நடந்ததை அதன் ஆயர் தியோனீசியுவின் கடிதம் வழியே வரலாற்றாசிரியர் எயுசேபியு காத்துவைத்திருக்கிறார். நெடுங்காலம் நல்ல விசுவாசியாக வாழ்ந்து கடைசியில் பலியிட்டுவிட்ட செராப்பியோன் என்ற முதியவர், மன்னிப்புக் கேட்டுப் பலமுறை மன்றாடியும் யாரும் செவிகொடுக்கவில்லை. நோயில் விழுந்து மூன்று நாள் பேச்சுமூச்சற்றுக் கிடந்தார். நான்காம் நாள் நினைவு திரும்பியதும் மகள் வயிற்றுப் பேரனைக் கூப்பிட்டு மூப்பரை அழைத்துவரச் சொன்னார். இரவு நேரம், மூப்பருக்கும் உடல்நலமில்லை. சாகிறவர்கள் கேட்டால் சமாதானம் கொடுக்கவேண்டும் என்று தியோனீசியு முன்பே கட்டளையிட்டிருந்ததால், மூப்பர் நற்கருணையில் ஒரு சிறு துண்டைச் சிறுவன் கையில் கொடுத்து, நனைத்துத் தாத்தாவின் வாயில் விடச் சொன்னார். பையன் வீட்டை நெருங்கும்போதே கிழவர் பேசினார்: சீக்கிரம் செய், என்னை அனுப்பிவிடு. சிறிது விழுங்கியதும் உயிர் போயிற்று. தேடிப்போனது மேய்ப்பர் அல்லர், ஒரு பேரப்பிள்ளை. இந்தச் செய்தியைத் தியோனீசியு எழுதி அனுப்பியது அந்தியோக்கியாவின் ஆயர் பபியுவுக்கு. அவர் நோவாசியான் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார்.

நோவாசியான் ரோமின் மூப்பர், நல்ல கல்விமான். பபியானுக்குப் பின் ரோமக் குருக்கள் சார்பில் அவர் எழுதிய கடிதம் சாகிறவர்களுக்கு இரக்கம் காட்ட இசைகிறது. 251இல் கொர்னேலியு ஆயரானதும் அவருக்குப் போட்டியாக நோவாசியான் தனி ஆயரானார். மறுதலித்தவர்களுக்குத் திருச்சபையில் இடமில்லை என்றார். கடவுள் மன்னிக்கலாம், திருச்சபை மன்னிக்க முடியாது என்பது அவரைப் பின்பற்றியவர்களின் நிலை. 325இல் நிசேயா சங்கத்தின் 8ஆம் விதி அவர்கள் திரும்ப வழிசெய்தது. விழுந்தவர்களோடு உறவு கொள்வோம் என்று எழுதிக் கொடுக்கவேண்டும் என்பது நிபந்தனை. 13ஆம் விதி, சாகும் தருவாயில் எவருக்கும் நற்கருணையை மறுக்கக்கூடாது என்றது. நோவாசிய ஆயர் அகேசியுவிடம், ஏணி போட்டு நீர் மட்டும் பரலோகம் ஏறிக்கொள்ளும் என்று பேரரசர் கொன்ஸ்தந்தீன் சொன்னதாக வரலாற்றாசிரியர் சோக்கிரத்தேசு எழுதுகிறார்.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் மிலானின் அம்புரோசு நோவாசியருக்கு எதிராக எழுதியபோது, ஊதாரி மகன் விழுந்த கிறிஸ்தவனே என்பதை உறுதியாக வாதிட்டார். ஆனால் வாய்ப்பு ஒருமுறைதான் என்ற ஹெர்மாவின் கணக்கை அவரும் மாற்றவில்லை. அதனால் பலர் தவத்தைச் சாவுப்படுக்கைவரை தள்ளிப்போட்டார்கள். அந்தக் கணக்கை உடைத்தவை 6ஆம் நூற்றாண்டு முதல் அயர்லாந்துத் துறவிமடங்களிலிருந்து பரவிய தனிப் பாவசங்கீர்த்தன முறையும், பாவத்துக்கேற்ற பரிகாரம் குறித்த கையேடுகளும்தான். பாவம் செய்யும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்கும் வழக்கத்தை 589இல் ஸ்பெயினின் தொலேதோவில் கூடிய ஆயர்கள் கண்டித்தனர். 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம், ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்வதை ஒவ்வொரு விசுவாசிக்கும் கட்டாயமாக்கியது.