மணவாளக்குறிச்சி மணலும் மண்ணுள் உறங்கிய ஒளியும்

ஒளியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மின்விளக்கையே முன்னிறுத்துவர். ஆயின், அவ்வரலாற்றின் ஓர் அதிகாரம் தமிழர் வாழும் கடற்கரை மணலோடு தொடர்புடையது என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும்.

ஆஸ்திரிய வேதியியலர் ஆவர் வான் வெல்ஸ்பாக் 1885ஆம் ஆண்டில் வலைத்துணி விளக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1891ஆம் ஆண்டளவில் 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் கலந்தால் விளக்கு பேரொளி வீசுமெனக் கண்டார். அந்தச் சீரியம், லாந்தனைடுகள் எனப்படும் 15 தனிமங்களுள் ஒன்று. நம் தோட்டத் திருவிழாக்களை ஒளிமயமாக்கிய பெட்ரோமாக்ஸ் விளக்கும் இவ்வழி வந்ததே.

இவ்விரு தனிமங்களும் மோனசைட் என்னும் கனிமத்தில் உறைவன. 1909ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டு இக்கனிமத்தின் இருப்பிடத்தை அறிந்தார் என்பர். அதன்பின், இன்று குமரி மாவட்டத்திலுள்ள மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் தொழில் தோன்றியது. மண் நம்முடையது; அதன் பெரும்பயனோ நெடுங்காலம் மேனாட்டு விளக்குத் தொழிலையே சென்றடைந்தது. விடுதலைக்குப் பின், 1950ஆம் ஆண்டில் இந்திய அருமண் நிறுவனம் நிறுவப்பட்டது. 1952ஆம் ஆண்டில் ஆலுவாயில் அதன் ஆலை இயங்கத் தொடங்கியது.

வலைத்துணி விளக்கின் ஒளி வெப்பத்தால் விளைவது. லாந்தனைடுகளுக்கு மற்றோர் ஆற்றலும் உண்டு. புற ஊதாக் கதிரைப் பெறின், யூரோப்பியம் செவ்வொளியும் டெர்பியம் பச்சையொளியும் உமிழும். ஆயினும், இவ்வயனிகள் தாமாக அக்கதிரை மிகக் குறைவாகவே ஈர்க்கும். கரிமச் சேர்மம் கதிரை ஏற்று யூரோப்பியத்திற்கு வழங்குதலை 1942ஆம் ஆண்டில் வைஸ்மன் கண்டறிந்தார். வள்ளல் ஒருவர் வாங்கி வறியோர்க்கு ஈவது போன்றது இது.

இந்நெறியே இன்றைய ஒளிரும் லாந்தனைடு உலோகக் கரிமச் சட்டகங்களுக்கும் அடிப்படை. லாந்தனைடு உப்பையும் கரிம அமிலத்தையும் கரைப்பானில் இட்டு, மூடிய கலத்தில் சூடாக்கினால் நுண்துளை நிறைந்த படிகங்கள் விளையும். துளையுள் வேற்று மூலக்கூறு புகின் ஒளி மங்கும், அல்லது நிறம் மாறும். ஆகவே அது நஞ்சைக் காட்டும் கருவியாகவும் பயன்படும். உலோகக் கரிமச் சட்டகங்களை உருவாக்கியமைக்காக 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிட்டகாவா, ராப்சன், யாகி ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது.

ஒளியின் மறுபுறத்தையும் மறத்தலாகாது. நம் நாட்டு வெள்ளீயச் சுரங்கக் கழிவாகிய 'அமாங்' மணலிலும் மோனசைட் உண்டு. பேராக் மாநிலத்துப் புக்கிட் மேராவில் 1982ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய அருமண் ஆலையின் தோரியக் கழிவை எதிர்த்து மக்கள் 1985ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தனர். 1992ஆம் ஆண்டில் ஈப்போ உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு மேல்முறையீட்டில் அது மாற்றப்பட்ட போதிலும், 1994ஆம் ஆண்டில் ஆலை மூடப்பட்டது.

அன்று விளக்கை எரித்த தோரியமே இன்று கழிவாகி அஞ்சத்தக்கதாயிற்று. ஒளியைப் பயிலும் மாணவர், அது பிறக்கும் மண்ணையும் அம்மண்ணில் வாழும் மக்களையும் சேர்த்தே பயில்வாராக.