துப்பாக்கி பற்றி வாய் திறக்காத ஊரில் ஓர் ஆவணப்படம் என்ன செய்யும்?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் உங்கள் நண்பரோ அக்காவோ எப்போதாவது சொல்லியிருக்கலாம்: "இங்க ஆபீஸ்ல எதைப் பத்தி வேணும்னாலும் பேசு, துப்பாக்கியை மட்டும் இழுக்காத." பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் சொந்தமாகத் துப்பாக்கி வைத்திருக்கும் நாடு அது. பக்கத்து சீட்டில் இருப்பவர் வேட்டைக்குப் போகிறவரா, பிள்ளையைத் துப்பாக்கிச் சூட்டில் இழந்தவரா என்று உங்களுக்குத் தெரியாது. இரண்டுமாகவும் இருக்கலாம்.

இப்படிப்பட்ட ஊர்களில்தான் நூலகம், சர்ச், கல்லூரி அரங்கம் என்று கிடைத்த இடத்தில் ஓர் ஆவணப்படத்தைப் போட்டு, முடிந்ததும் வந்தவர்களை உட்காரவைத்துப் பேசவைக்கும் முயற்சிகள் நடக்கின்றன. படம் போட்டால் துப்பாக்கிச் சூடு நின்றுவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். நிற்காது. அப்புறம் எதற்கு இது?

பிரச்சினை எவ்வளவு பெரியது?

2021-ல் மட்டும் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். இதில் பாதிக்கும் மேல், அதாவது 26,328 பேர், தற்கொலை செய்துகொண்டவர்கள். பள்ளியில் நடக்கும் சூடுதான் நம் டிவி வரை வருகிறது. படுக்கையறை அலமாரியில் இருந்த துப்பாக்கி வருவதில்லை. பொதுமக்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகளின் எண்ணிக்கை மக்கள்தொகையைவிட அதிகம். 'ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே' அமைப்பின் 2017 மதிப்பீட்டின்படி 100 பேருக்கு 120.

பேச்சு அடைத்துக்கொண்டது ஊரில் மட்டுமல்ல, ஆய்வகத்திலும்தான். 1996-ல் நாடாளுமன்றம் கொண்டுவந்த 'டிக்கி' திருத்தம், நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் நிதியைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கப் பயன்படுத்தக் கூடாது என்றது. ஆய்வே கூடாது என்று அதில் இல்லை. ஆனால் எதற்கு வம்பு என்று ஆய்வும் இருபது வருஷத்துக்கு மேல் முடங்கிப்போனது. இதற்கென்று மறுபடி நிதி ஒதுக்கியது 2019 கடைசியில்தான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

இதன் முன்னோடி துப்பாக்கியோடு சம்பந்தமே இல்லாத ஒரு மீனவத் தீவு. கனடாவின் கிழக்கு ஓரத்தில் உள்ள ஃபோகோ. தீவுக்காரர்களை வேறு இடத்துக்குக் குடியமர்த்தலாம் என்று அரசு யோசித்துக்கொண்டிருந்த நேரம். 1967-ல் கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் கோலின் லோ அங்கே போய், மக்கள் பேசுவதைச் சின்னச் சின்னப் படங்களாக எடுத்தார். அவற்றை முதலில் யாருக்குக் காட்டினார் தெரியுமா? அதே தீவு மக்களுக்கு. ஒரே தீவில் இருந்தும் ஒட்டாமல் வாழ்ந்த கிராமங்கள், அடுத்த ஊர்க்காரரும் தன் கவலையையே சொல்வதைத் திரையில் பார்த்தன. பிறகு படங்கள் அமைச்சர்களிடம் போயின. அமைச்சர் ஒருவரின் பதிலும் படமாகத் தீவுக்குத் திரும்பி வந்தது. மக்கள் தீவிலேயே தங்கினார்கள், மீனவர் கூட்டுறவுச் சங்கமும் அமைந்தது. நேருக்கு நேர் சொன்னால் சண்டையாகிவிடும் விஷயத்தைத் திரை வழியாகச் சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்பதுதான் இதில் இருந்த சூட்சுமம்.

எந்தப் படம் எதிர்த்தரப்பையும் உட்கார வைக்கும்?

2012 நவம்பர் 23. ஃபுளோரிடா மாநிலம் ஜாக்சன்வில், ஒரு பெட்ரோல் பங்க். காரில் பாட்டுச் சத்தம் அதிகம் என்று ஆரம்பித்த வாய்த்தகராறில் 17 வயது கறுப்பினச் சிறுவன் ஜோர்டன் டேவிஸ் சுட்டுக் கொல்லப்பட்டான். சுட்டவர் வெள்ளையர். தற்காப்புக்காகச் சுட்டேன் என்றார். பையன்கள் இருந்த காரில் துப்பாக்கி எதுவும் கிடைக்கவில்லை. முதல் விசாரணையில் கொலைக் குற்றச்சாட்டில் ஜூரிகளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. இரண்டாவது விசாரணையில்தான் தீர்ப்பு வந்தது. ஆயுள் தண்டனை.

இந்த ஒரு மரணத்தைச் சுற்றி 2015-ல் இரண்டு படங்கள் வந்தன. மார்க் சில்வரின் 'த்ரீ அண்ட் எ ஹாஃப் மினிட்ஸ், டென் புல்லட்ஸ்' நீதிமன்றத்துக்குள் உட்கார்ந்து விசாரணையைப் பார்க்கிறது. அபிகெய்ல் டிஸ்னியின் 'தி ஆர்மர் ஆஃப் லைட்' வேறு வழியில் போகிறது. அதன் மையம் ராப் ஷெங்க் என்ற பாதிரியார். கருக்கலைப்பை எதிர்த்துப் பல வருஷம் போராடிய, பழமைவாதிகள் "நம்ம ஆளு" என்று நினைக்கும் மனிதர். உயிர் புனிதம் என்று சொல்லும் நாம் துப்பாக்கியையும் எப்படித் தூக்கிப் பிடிக்கிறோம் என்ற கேள்வி அவரைக் குடைகிறது. ஜோர்டனின் அம்மா லூசி மெக்பாத் அவரைச் சந்திக்கிறார். அவரும் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர். ஷெங்க் தன் சக பாதிரியார்களிடம் இதைக் கொண்டுபோகும்போது எல்லோரும் ஏற்றுக்கொள்வதில்லை. சிலர் முகத்துக்கு நேரே மறுக்கிறார்கள். அந்த மறுப்பும் படத்தில் இருக்கிறது.

கலந்துரையாடலுக்கு ஒரு படம் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இரண்டாவதைத்தான் கையில் எடுப்பேன். முதல் படம் சிறப்பானது, சந்தேகமில்லை. ஆனால் அது ஏற்கெனவே கோபமாக இருப்பவரின் கோபத்தைக் கூர்மையாக்கும். இரண்டாவதில் துப்பாக்கி வைத்திருப்பவருக்கும் திரையில் ஓர் ஆள் இருக்கிறார், தன் தரப்பிலிருந்தே தயங்குகிற ஆள்.

ஸ்டீவ் ஜேம்ஸ் இயக்கிய 'தி இன்டரப்டர்ஸ்' (2011) இன்னொரு ரகம். சிகாகோவில் 'சீஸ்ஃபயர்' என்ற அமைப்பு, ஒரு காலத்தில் கும்பல், சிறை என்று இருந்தவர்களையே தெருச்சண்டை துப்பாக்கி வரை போகாமல் தடுக்க அனுப்பியது. இதை உருவாக்கிய கேரி ஸ்லட்கின் ஒரு தொற்றுநோய் மருத்துவர். காலரா பரவுவது போலத்தான் பழிவாங்கலும் பரவுகிறது, சங்கிலியை நடுவில் அறுக்கணும் என்பது அவர் வாதம். இந்த முறையின் பலன் ஊருக்கு ஊர் வேறுபட்டே வந்திருக்கிறது. ஆனால் இந்தப் படம் பார்த்தவர்கள் சட்டத்தைப் பற்றிப் பேசுவதைவிட "நம்ம தெருவுல இந்த வேலையை யார் செய்வாங்க?" என்று யோசிக்க இடம் அதிகம்.

சில நொடி மௌனம் கெடுத்தது

2016-ல் வந்த 'அண்டர் த கன்' படத்தில், துப்பாக்கி உரிமை ஆதரவாளர்களிடம் பத்திரிகையாளர் கேட்டி கூரிக் ஒரு கேள்வி கேட்கிறார்: பின்னணிச் சோதனை இல்லாவிட்டால் குற்றவாளிகளோ பயங்கரவாதிகளோ துப்பாக்கி வாங்குவதை எப்படித் தடுப்பீர்கள்? எல்லோரும் சில நொடிகள் வாயடைத்து உட்கார்ந்திருப்பதுபோல் காட்சி வருகிறது. அசல் ஒலிப்பதிவில் அவர்கள் உடனே பதில் சொல்லியிருந்தார்கள். எடிட்டிங்கில் மௌனம் செருகப்பட்டது. விவகாரம் வெடித்து, கூரிக் பொறுப்பேற்றுக்கொண்டார். தொடரப்பட்ட அவதூறு வழக்கு தள்ளுபடியானது. ஆனாலும் "இந்த மாதிரி படத்துல நம்மளை முட்டாளா காட்டுவாங்க" என்ற எதிர்த்தரப்பின் சந்தேகத்துக்குக் கையில் ஆதாரம் கிடைத்துவிட்டது. படம் தேர்ந்தெடுக்கும்போது, உங்களோடு உடன்படாதவர் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்தால் தான் ஏமாற்றப்பட்டதாக நினைப்பாரா என்று ஒருமுறை யோசியுங்கள்.

விளக்கு போட்ட பிறகு என்ன நடக்கணும்?

பெரும்பாலான திரையிடல்கள் சொதப்புவது இங்கேதான். மேடையில் ஒரே கருத்துள்ள நாலு பேர், ஆளுக்குப் பதினைந்து நிமிட உரை, கடைசியில் "கேள்வி இருக்கா?" அதற்குள் பாதிப் பேர் பார்க்கிங்குக்குப் போயிருப்பார்கள். படத்தை ஒன்றரை மணி நேரத்துக்குள் வைத்துக்கொண்டு, பேச்சுக்கும் அதே அளவு நேரம் ஒதுக்குவது நல்லது. முடிந்ததும் இரண்டு நிமிடம் யாரும் பேச வேண்டாம். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு மட்டும் பேசட்டும், அல்லது பெயர் போடாமல் ஒரு துண்டுச் சீட்டில் எழுதட்டும். முதல் கேள்வி "சட்டம் வேணுமா, வேண்டாமா?" என்று இருந்தால் கதை முடிந்தது. "எந்தக் காட்சியில உங்களுக்கு என்னமோ பண்ணுச்சு?" என்று தொடங்கினால் ஆட்கள் வாய் திறப்பார்கள்.

மேடையில் யார் என்பதும் முக்கியம். நியூ ஹாம்ப்ஷயரில் 2009-ல் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிய மூன்று பேர் ஒரு வாரத்துக்குள் தற்கொலை செய்துகொண்டார்கள். அதன்பிறகு துப்பாக்கிக் கடைக்காரர்களும் பொதுச் சுகாதாரத் துறையினரும் சேர்ந்து உட்கார்ந்து, மனமுடைந்த வாடிக்கையாளரை எப்படி அடையாளம் காண்பது, எப்போது விற்க மறுப்பது என்று வழிகாட்டுதல் தயாரித்தார்கள். அந்தப் பேச்சில் கடைக்காரர் இல்லாவிட்டால் எதுவும் நகர்ந்திருக்காது. அதனால் அவசரப் பிரிவு நர்ஸ் பக்கத்தில் ஒரு துப்பாக்கி உரிமையாளரும் உட்காரட்டும். உறவை இழந்தவரை அழைத்தால், எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை அவரே முன்கூட்டித் தீர்மானிக்கட்டும். அழவைப்பதற்காக அவரை மேடையேற்றாதீர்கள். படத்தில் சூட்டுச் சத்தம் வருமா என்று வாசலிலேயே சொல்லுங்கள். வெளியே எழுந்து போகிறவரோடு உட்கார ஓர் ஆலோசகர் இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் எல்லை உண்டு. சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டு நாலு மாதம்கூட ஆன நிலையில், 2013 ஏப்ரலில் பின்னணிச் சோதனை மசோதாவுக்கு செனட்டில் 54 ஓட்டுதான் கிடைத்தது. தேவை 60. அந்தச் சுவரை எந்தப் படமும் இடித்துவிடவில்லை. லூசி மெக்பாத் 2018-ல் ஜார்ஜியாவிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். அதைப் படத்தின் கணக்கில் எழுதினால் அவர் தெருத்தெருவாக நடந்ததை அவமதிப்பதாகும்.

இந்தியாவில் இது நமக்கு எதற்கு?

அதே 2017 மதிப்பீட்டின்படி பொதுமக்கள் கையிலுள்ள துப்பாக்கிகளின் மொத்த எண்ணிக்கையில் அமெரிக்காவுக்கு அடுத்து இந்தியா, சுமார் 7.1 கோடி. பெரும்பகுதி பதிவில்லாதவை. கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடும் வழக்கத்தால் உயிர்கள் போனதால்தான், 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்தில் அதற்கு இரண்டு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் சேர்க்கப்பட்டது. டெல்லியிலோ நொய்டாவிலோ இருக்கும் உங்களுக்கு இது ரொம்பத் தூரத்து விஷயம் இல்லை.

அபார்ட்மென்ட் ஹாலிலோ ஆபீஸிலோ போட நினைத்தால் ஒன்று கவனியுங்கள். உங்கள் ஓடிடி சந்தா வீட்டில் பார்க்கத்தான், டிக்கெட் இல்லாவிட்டாலும் பொதுத் திரையிடலுக்குத் தனி அனுமதி வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் தன் ஆவணப்படங்களில் சிலவற்றை மட்டும் லாப நோக்கமில்லாமல் ஒருமுறை கல்விக்காகத் திரையிட விடுகிறது. அந்தந்தப் படத்தின் பக்கத்திலேயே அந்தக் குறிப்பு இருக்கும். மற்றவற்றுக்கு விநியோகஸ்தருக்கு ஒரு மெயில் போடுங்கள், தேதியை அறிவிப்பதற்கு முன்பே.