டிஜிட்டல் காண்டாக்ட் ஷீட்

ஒரு பிலிம் ரோலில் உள்ள எல்லாப் படங்களையும் அசல் அளவிலேயே, எடுத்த வரிசை மாறாமல், ஒரே தாளில் காட்டும் அச்சு காண்டாக்ட் ஷீட் எனப்படும். இருட்டறையில் நெகட்டிவ் துண்டுகளை அச்சுத்தாளின் மேல் பரப்பி, கண்ணாடியால் அழுத்தி, என்லார்ஜர் விளக்கைச் சில விநாடி எரியவிட்டு இதை எடுத்தார்கள். அந்தத் துண்டுகளையே பிளாட்பெட் ஸ்கேனரில் பரப்பி எடுத்துக் கோப்பாக வைத்துக்கொள்வது டிஜிட்டல் காண்டாக்ட் ஷீட்.

எதைப் பெரிதாக்கலாம் என்று தேர்ந்தெடுக்கவே பெரும்பாலோர் இதைப் பார்க்கிறார்கள். புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்க் 1950களின் நடுவில் அமெரிக்காவைச் சுற்றி 767 ரோல் எடுத்தார். ‘தி அமெரிக்கன்ஸ்’ நூலுக்குத் தேறியவை 83 படங்கள். ஆனால் காண்டாக்ட் ஷீட்டுக்கு இன்னொரு பயன் உண்டு, அதுதான் முக்கியமானது. தாள் முழுவதற்கும் ஒரே அளவு வெளிச்சம்தான் கிடைக்கிறது. படம் பதியாத வெற்றுப் பிலிம் பகுதி முழுக் கறுப்பாகும் நேரத்தை அளவாக வைத்தால், வெளிச்சம் போதாமல் எடுத்த பிரேம் இருண்டும், அதிகமாக வாங்கியது வெளுத்தும் நிற்கும். எடுத்தவரின் கணிப்பு எங்கே தவறியது என்பது அப்பட்டமாகத் தெரியும்.

ஸ்கேனர் மென்பொருளோ பிரேம்களைத் தனித்தனியே கண்டுபிடித்து, ஒவ்வொன்றையும் தானே சரிசெய்துவிடுகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கும், தகவல் போய்விடும். எனவே எப்சன் ஸ்கேன் மென்பொருளில் தம்ப்நெயில் முறையை அணைத்து, எல்லாத் துண்டுகளையும் சுற்றி ஒரே கட்டமாகத் தேர்வு செய்ய வேண்டும். வியூஸ்கேன் மென்பொருளில் எக்ஸ்போஷரைப் பூட்டிவைக்கும் வசதியே உண்டு.

அலுவலகத்து ஸ்கேனர் இதற்கு உதவாது. அது கீழிருந்து ஒளி வீசி, தாளில் பட்டுத் திரும்புவதைப் படிக்கிறது. பிலிமுக்கு ஒளி மேலிருந்து ஊடுருவி வர வேண்டும். மூடியில் விளக்குள்ள எப்சன் வி600இல் ஒளிச்சட்டம் ஏறத்தாழ 68 மி.மீ. அகலம்தான், ஒரு நேரத்தில் இரண்டு துண்டுகள் போகும். வி700, வி850 போன்றவற்றில் 8×10 அங்குலம் கிடைக்கும். அதிலும் ஒரு சிக்கல்: 36 பிரேம் ரோலை ஆறு ஆறாக வெட்டினால் ஆறு துண்டுகளின் மொத்த அகலம் 210 மி.மீ.; 8 அங்குலம் என்பது 203 மி.மீ. மூன்று மூன்றாக இருமுறை ஸ்கேன் செய்து இணைப்பதே வழி. இரண்டு முறையும் அமைப்புகள் இம்மியும் மாறக்கூடாது. ஐந்து ஐந்தாக வெட்டிக் குறுக்கே அடுக்கினால் ஏழு துண்டுகள் ஒரே தடவையில் அடங்கும், கடைசிப் பிரேம் மட்டும் வெளியே நிற்கும்.

கண்ணாடியின் ஒரு முனையில் ஸ்கேனர் தன்னை அளவிட்டுக்கொள்ளும் பட்டை இருக்கிறது. பிலிமின் நுனி அதன் மேல் பட்டாலே படம் நெடுகக் கோடு விழும். பிலிமின் பளபளப்பான பக்கம் கண்ணாடியைத் தொட்டால் நியூட்டன் வளையங்கள் தோன்றலாம். மங்கலான எமல்ஷன் பக்கத்தைக் கீழே வைத்து, பிறகு படத்தை இடவலமாகத் திருப்பிக்கொள்ளலாம். தெளிவான பிளாஸ்டிக் உறையோடு சேர்த்தும் ஸ்கேன் செய்யலாம். கூர்மை சற்றுக் குறையும், ஆனால் கீறல் பயம் இல்லை. வெண்மங்கலான கிளாசின் தாள் உறை சரிப்படாது.

600 டிபிஐயில் 24×36 மி.மீ. பிரேம் ஒன்று சுமார் 567×850 பிக்சல் வரும். முகபாவம் பார்க்க இது போதும். கண் ஃபோகஸில் இருக்கிறதா என்று பார்க்க 1200 வேண்டும். அப்போது 8×10 அங்குலப் பரப்பு 11.5 கோடி பிக்சலாகிவிடும். அதற்கு மேல் போவது வட்டில் இடத்தை அடைப்பதுதான். அகச்சிவப்புக் கதிரால் தூசி நீக்கும் வசதியையும் அணைத்துவிடலாம். வழக்கமான கறுப்பு வெள்ளைப் பிலிமின் வெள்ளித் துகள்கள் அக்கதிரை மறிப்பதால், படத்தையே அது தூசியாக எண்ணிக்கொள்ளும்.

ஸ்கேனர் இல்லாதவர்கள் ஒளிமேசையில் நெகட்டிவைப் பரப்பி, மேலிருந்து டிஜிட்டல் கேமராவால் ஒரே படமாக எடுத்து நிறத்தைத் தலைகீழாக்குகிறார்கள். டேப்லெட் திரையை ஒளிமேசையாக்கினால் நடுவே பால் நிற அக்ரிலிக் தகடு வைக்க வேண்டும். இல்லையேல் திரையின் புள்ளிகள் நெகட்டிவின் ஊடே தெரியும்.