பைக் சீட்டில் பூ வேலைப்பாடு: லெதர் டூலிங் என்றால் என்ன? எப்படி கத்துக்கலாம்?

காஞ்சிபுரம் மாவட்டம் வடக்குப்பட்டில் 2022-ல் இந்திய தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கற்காலக் கருவிகள் கிடைத்தன. அதே ஊரைச் சுற்றி இன்று இருப்பது வாகனத் தொழிற்சாலைகள். ராயல் என்ஃபீல்டின் ஒரகடம் ஆலை 2013-லும், வல்லம் வடகால் ஆலை 2017-லும் உற்பத்தியைத் தொடங்கின.

இப்படி ஆலையிலிருந்து வரும் பைக்கைத் தன் ரசனைக்கு மாற்ற நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது சீட்டில்தான். ரெக்சினை எடுத்துவிட்டு, பூ, கொடி, பெயர் செதுக்கிய தோலைப் போடுகிறார்கள். இந்த வேலைக்குப் பெயர்தான் லெதர் டூலிங். கத்துக்க ஆசைப்படும் பலரும் சறுக்குவது கையில் அல்ல, வாங்கும் தோலில்!

எந்தத் தோல் வாங்கணும்?

கடைகளில் அதிகம் கிடைப்பது குரோம் உப்பில் பதனிட்ட தோல். மென்மையாக இருக்கும், தண்ணீரையும் தாங்கும். ஆனால் அதில் எவ்வளவு அடித்தாலும் அச்சு நிற்காது, ரப்பர் மாதிரி பழைய நிலைக்கே வந்துவிடும்.

டூலிங் செய்ய, மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட 'வெஜ் டேன்' தோல்தான் வேண்டும். நனைத்து அழுத்தினால் அப்படியே பதிந்து, காய்ந்ததும் இறுகிவிடும். இது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஆவாரம்பட்டை, கடுக்காய் கொண்டு இங்கே பதனிட்ட தோல் 'ஈ.ஐ. லெதர்' என்ற பெயரில் உலகச் சந்தைக்குப் போனது. அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு.

கடையில் கவனிக்க வேண்டியவை:

* வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். வெஜ் டேன் முழுக்கப் பழுப்பாக இருக்கும். குரோம் தோலின் நடுவில் பெரும்பாலும் நீலச் சாம்பல் நிறம் தெரியும்.
* ஒரு சொட்டு தண்ணீர் விட்டு நகத்தால் அழுத்துங்கள். தடம் நின்றால் டூலிங் செய்யலாம்.
* சீட்டுக்கு 3 முதல் 4 மி.மீ. கனமுள்ள மாட்டுத் தோல் கேளுங்கள். ஆட்டுத் தோல் மெல்லியது, ஆழமாகச் செதுக்க முடியாது.

வேலை எப்படி நடக்கும்?

1. சீட்டின் அளவுக்கு அட்டையில் மாதிரி வெட்டி, அதை வைத்துத் தோலை வெட்ட வேண்டும்.
2. ஈரத் தோல் இழுபடும். அதனால் பின்பக்கம் டேப் ஒட்டிவிட்டு, முன்பக்கத்தை ஸ்பாஞ்சால் நனைக்க வேண்டும். மேல்பரப்பு பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கி, தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும் நேரம்தான் சரியான பதம்.
3. டிசைனைப் பதித்து, சுழலும் கத்தியால் கோடு கீற வேண்டும். தோலின் பாதி கனத்தைத் தாண்டக் கூடாது.
4. கிரானைட் கல் மேல் வைத்து, கோட்டின் ஒரு பக்கத்தை பெவலர் அச்சால் தட்டித் தாழ்த்தினால் பூ மேலே எழும்பித் தெரியும். இதற்கு இரும்புச் சுத்தி வேண்டாம், மரச் சுத்தி போதும்.
5. நன்றாகக் காய்ந்த பிறகு சாயம், எண்ணெய், கடைசியாக நீர் புகாத பூச்சு.

மழையும் இரும்பும்

கடுக்காய்ச் சாறும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மை கிடைக்கும் என்பது பழைய கைமுறை. அதே வேதிவினைதான் இங்கேயும். ஈரமான வெஜ் டேன் தோலில் துருப்பிடித்த ஆணியோ, பூச்சு போன சீட் தகடோ பட்டால் கறுப்புக் கறை விழும். அதனால் தகட்டுக்குப் பெயின்ட், ஆணிக்குப் பித்தளை. மழையில் நிறுத்தினால் கவர் கட்டாயம். எப்போதும் உரசும் நடுப்பகுதியில் ஆழமான வேலைப்பாடு சீக்கிரம் தேயும் என்பதால், டிசைனை ஓரங்களில் வைப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்லுது?

உறையை மாற்றுவது வேறு, வண்டியின் அமைப்பையே மாற்றுவது வேறு. உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. பின்னால் ஆள் உட்காரும் வசதியுள்ள பைக்கில் கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு ஆகியவை வேண்டும் என்கிறது 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-வது விதி. அழகுக்காக இவற்றைக் கழற்றினால் ஆபத்து பின்னால் உட்காருபவருக்குத்தான்.

எங்கே கத்துக்கலாம்?

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் வளாகம் உள்ளது. காலணி, தோல் பொருள் வடிவமைப்புப் படிப்புகள் அங்கே உண்டு. அடையாறில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிறுவனம் ஆகியவையும் தோல் துறைப் பயிற்சிகள் தருகின்றன. தோலை அறிவது, வெட்டுவது, தைப்பது ஆகிய அடிப்படைகளுக்கு இவை உதவும். செதுக்கும் பழக்கம் வீட்டு மேஜையில்தான் வரணும்.

எடுத்த எடுப்பில் சீட்டில் இறங்க வேண்டாம். சாவிக்கொத்து, டூல் பை, டேங்க் பட்டை என்று துண்டுத் தோலில் தொடங்குங்கள். தவறினாலும் போவது கையளவு தோல் மட்டுமே!