சோற்றுக்குக் கேள்வி இல்லை, ஊசிக்கு உண்டு!



"புது மருந்துன்னா நம்பணும்"னு எதிரணி அம்மா அடிச்சுப் பேசிட்டுப் போனாங்க. 1867-லிருந்து, பசின்னு வந்தவனைக் கேள்வி கேட்காம சோறு போடற ஊரும்மா இந்த வடலூர். ஆனா ஊசின்னா கேட்கணும்!

உங்க கையில இருக்கிற பி.சி.ஜி. தழும்பைப் பாருங்க. 1948-ல் கிண்டியில் அந்தத் தடுப்பூசிக் கூடம் வந்தது. காசநோய் குடும்பம் குடும்பமாக ஆளைத் தின்ற காலம். ஊர் ஊராக ஊசி போட்டார்கள். 1955-ல் ராஜாஜி எதிர்த்து எழுதினார். அரசாங்கம் நிறுத்தவில்லை.

யார் சொன்னது சரி? வாய்ச்சண்டையில தீருமா? 1968-ல் செங்கற்பட்டு மாவட்டத்தில் சோதனை தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேல் ஜனங்கள்! சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் ஊசி. யாருக்கு எதுன்னு சோதிக்கிறவருக்கே தெரியாது. கேட்கவே மனசு சங்கடப்படுது, இல்லையா? எனக்கும்தான். ஆனா வேற வழி சொல்லுங்க பார்ப்போம்.

1979-ல் முடிவு வந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லை!

கை தட்டாதீங்க, ராஜாஜி முழுசா ஜெயிக்கலை. குழந்தைகளுக்கு மூளை உறையில் வரும் காசத்தை அது தடுக்கிறதுன்னு வேறு ஆய்வுகள் காட்டின. அதனாலதான் இன்னிக்கும் பிறந்த பிள்ளைக்கு அதே ஊசி. பெரியவங்களுக்கு வேற ஊசி தேடிக்கிட்டே இருக்காங்க, அதையும் சோதிச்சுச் சோதிச்சுத்தான்!