தானே நகர்ந்த மேசை

1853-ஆம் ஆண்டில் ஐரோப்பிய இல்லங்களில் ஒரு வியப்பு பரவிற்று. சிலர் ஒரு மேசையைச் சூழ்ந்தமர்ந்து, அதன்மீது கைகளை வைத்துக் காத்திருப்பர். சற்று நேரத்தில் மேசை நகரும், சாயும், சுழலவும் செய்யும். தள்ளியவர் எவருமிலர் என்று அனைவரும் உறுதி கூறினர். மின்சாரம் என்றனர் சிலர்; காந்தம் என்றனர் சிலர்; பூமியின் சுழற்சி என்றும், ஷைத்தானின் செயல் என்றும் சொன்னோரும் உண்டு.

விளக்கம் வேண்டிப் பலரும் மைக்கேல் ஃபாரடேயை நாடினர். கொல்லரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பயின்று, பேரறிஞராக உயர்ந்தவர் அவர். மேசையை நகர்த்த வல்லவர்கள் எனப்பட்ட நேர்மையாளர்களையே அவர் சோதனைக்கு அழைத்தார். அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையிடையே இளகிய பசை உருண்டைகளை வைத்தார். கீழட்டை மேசையில் வழுக்காதபடி உப்புத்தாளின்மேல் இருந்தது. கைகளோ மேலட்டையில் இருந்தன. மேசை தானே நகர்ந்து கைகளை இழுத்திருப்பின், மேலட்டை பின்தங்கியிருக்க வேண்டும். ஆனால் மேலட்டையே முந்தியிருந்தது. கை முதலில் நகர்ந்தது. மேசை அதனைத் தொடர்ந்தது.

பின்னர், கையின் பக்கவாட்டு அழுத்தத்தைக் காட்டும் முள் ஒன்றை அமைத்தார். முள் மறைந்திருந்தபோது அது அசைந்தது. அமர்ந்திருந்தோர் அதனைக் கண்ணால் கண்டதும் அசைவு நின்றது, மேசையும் நின்றது. இம்முடிவை அவ்வாண்டு ஜூன் 30-இல் இலண்டன் 'டைம்ஸ்' இதழ் வெளியிட்டது.

அவர்கள் பொய்யர் அல்லர். எதிர்பார்ப்பே அவர்களை அறியாமல் தசைகளை இயக்கிற்று. முந்தைய ஆண்டில் வில்லியம் கார்ப்பென்டர் என்னும் மருத்துவ அறிஞர் இதனை விளக்கியிருந்தார். அவருக்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே இப்னு சீனா (980–1037), தம் 'கிதாபுஷ் ஷிஃபா'வில் ஓர் உவமை கூறினார்: தரையில் கிடக்கும் பலகையில் தயக்கமின்றி நடப்பவன், அதே பலகை பள்ளத்தின் குறுக்கே கிடந்தால் தடுமாறுவான், விழும் எண்ணமே அவனை வீழ்த்தும்.

கை படாமலும் பொருள்கள் நகர்வதுண்டு. 2013-இல் மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பேழைக்குள் இருந்த பண்டைய எகிப்தியச் சிலை ஒன்று பகலில் மெல்லத் திரும்பியது. வெளியே வாகனங்களும் உள்ளே காலடிகளும் எழுப்பிய அதிர்வு, அடிப்பாகம் சற்றே குவிந்திருந்த அச்சிலையை மட்டும் திருப்பியதென அதிர்வை அளந்த பொறியாளர் கண்டறிந்தார்.

வீட்டில் ஒருவர், "பாத்திரம் தானே நகர்ந்தது" என்றால், அவரைப் பொய்யரென இகழ்தலும் முறையன்று. உடனே அஞ்சி நடுங்குதலும் முறையன்று. அவர் கண்டதை ஏற்று, காரணத்தைத் தேடுதலே அறிவுடைமை.