கல்வெட்டு இல்லாத அணைகள்

தெற்குப் பிரான்ஸின் கிராமப்புறங்களைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் தவறாமல் எட்டிப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. கார்டோன் என்ற ஆற்றின் மேலே, மூன்று அடுக்கு வளைவுகளாக, ஏறக்குறைய 160 அடி உயரத்தில் ரோமானியர்கள் எழுப்பிய கல் பாலம் அது. மனிதர்கள் நடப்பதற்காக எழுந்த பாலமல்ல. தண்ணீர் நடப்பதற்காக எழுந்தது. நீம் என்ற நகரத்துக்கு 50 கிலோமீட்டர் தூரம் நீர் கொண்டுபோன கால்வாய், அந்த இடத்தில் ஆற்றைத் தாண்டிப் போயிற்று. கி.பி. முதல் நூற்றாண்டு வேலை. 1985இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அதை அறிவித்தார்கள். உலகத்தின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்து, அண்ணாந்து பார்த்து, படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அதிலே தண்ணீர் ஓடி ஆயிரம் வருஷத்துக்கு மேலாகிறது என்பதைப் பற்றி யாருக்கும் குறை இல்லை.

இனி நம் திருநெல்வேலிச் சீமைக்கு வாருங்கள். பொதிகையில் பிறந்து, 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறாள் தாமிரபரணி. அவள் மீது எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். பெயர்களைச் சொல்லும்போதே வாய் மணக்கிறது அல்லவா? நதியையே உண்கிறவன் என்று ஓர் அணைக்குப் பெயர் வைத்தவன், கவிதை எழுதாத கவியாகத்தான் இருந்திருக்க வேண்டும்! கடைசி அணை ஒன்றுதான் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் காலத்தில் எழுந்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. இவற்றில் இன்றைக்கும் தண்ணீர் ஓடுகிறது. காரும் பிசானமும் விளைகின்றன. ஆனால், இவற்றைப் பார்ப்பதற்கென்று யாரும் வண்டி கட்டிக்கொண்டு வருவதில்லை.

ஆற்றோடு கூடவே மேலிருந்து கீழே இறங்கினால் இந்த வேடிக்கை இன்னும் நன்றாகப் புரியும்.

முதலில் அம்பாசமுத்திரம். பழைய பெயர் இளங்கோக்குடி. அங்கே எரிச்சாவுடையார் கோயிலில் கிடைத்த வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று சரித்திரக்காரர்களுக்கு மிகவும் வேண்டியது. ஒன்பதாம் நூற்றாண்டு வரகுண பாண்டியன், தொண்டை நாட்டில் பெண்ணையாற்றங்கரையில் பாசறை அடித்திருந்த சமயத்தில், இந்தக் கோயில் வழிபாட்டுக்காக 290 காசு கொடுத்தான். இளங்கோக்குடிச் சபையார் அதைப் பெற்றுக்கொண்டார்கள். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் வீதம் 580 கலம் நெல் வட்டியாக அளக்க வேண்டும், முதலைத் தொடக்கூடாது. எவ்வளவு சுத்தமான கணக்கு, பாருங்கள். ஆனால், ஆண்டுதோறும் 580 கலம் நெல்லை நம்பி எழுதிக் கொடுக்க ஒரு சபைக்குத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? ஆறு பொய்க்காது என்ற நம்பிக்கையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

பக்கத்திலேயே திருவாலீசுவரம். சிறிய ஊர், முற்காலச் சோழர் சிற்பங்கள் விமானத்தில் சிரித்துக்கொண்டு நிற்கின்றன. மூன்றுகை மகாசேனை என்ற சோழப் படை இந்தக் கோயிலைத் தன் பாதுகாப்பில் ஏற்றுக்கொண்டதைக் கல்வெட்டு சொல்கிறது. அப்பால் மன்னார்கோயில். ராஜேந்திர சோழன் பெயரால் சேர மன்னன் ராஜசிம்மன் எழுப்பிய விண்ணகரம். பெருமாள் மூன்று நிலைகளில் நின்றும் இருந்தும் கிடந்தும் சேவை சாதிக்கிறார். பாண்டிய பூமியில் சோழன் பெயரில் சேரன் எழுப்பிய கோயில்! மூவேந்தர் சரித்திரத்தை ஒரு நாழிகையில் நடந்து முடித்துவிடலாம்.

இத்தனை விவரமும் கல்லில் இருக்கிறது. விளக்குக்கு நெய் வார்க்க ஆடு கொடுத்தவன் பெயர்கூட இந்நாட்டுக் கல்லில் நிலைத்துவிடும். ஆனால், அந்த நெல்லை விளைவித்த கால்வாயை வெட்டியவன் யார்? கன்னடியன் கால்வாய்க் கரையில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஒரு முதியவரிடம் இதைக் கேட்டேன்.

"பெரியவரே, இந்தக் காலை வெட்டினது யாரு?"

"கன்னடியன் வெட்டுனதுல்லா! பசு காட்டுன தடம்யா இது. நேராவா போகுது, பாருங்க. மாடு நேராவா நடக்கும்?"

கதை இதுதான். கன்னட தேசத்துப் பிரம்மச்சாரி ஒருவன், சேர நாட்டு ராஜாவின் நோயைத் தான் வாங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாகப் பொன் பெற்றான். அந்தப் பொன்னை ஒரு தர்மத்துக்குச் செலவிட நினைத்து, அம்பாசமுத்திரத்தில் ஓர் அர்ச்சகரிடம் ஒப்படைத்துவிட்டு, அகஸ்தியரைத் தேடிப் பொதிகைக்குப் போனான். திரும்பி வந்தால் பொன்னுக்குப் பதில் துவரை! வழக்கு எரிச்சாவுடையார் சந்நிதிக்குப் போய், பொய்ச் சத்தியம் செய்தவர் எரிந்துபோனார். பொன் கிடைத்தது. அகஸ்தியர் சொன்னபடி ஒரு பசுவின் வாலைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பசு போன வழி கால்வாய். அது சிறுநீர் பெய்த இடமெல்லாம் மடை. படுத்த இடமெல்லாம் குளம்.

படித்தவர்கள் இதைக் கேட்டுப் புன்னகை செய்வார்கள். எனக்கென்னவோ அந்தப் பசு சாமானியப் பசுவாகத் தோன்றவில்லை. மேய்கிற மாடு வீணாக மேட்டில் ஏறாது. பள்ளத்தில் சடக்கென்று இறங்காது. மண்ணின் சரிவை அணைத்துக்கொண்டே போகும். கால்வாயும் அப்படித்தான் போக வேண்டும். சரிவு அதிகமானால் கரை அரிக்கும். குறைந்தால் தண்ணீர் நகராது. யாரோ ஒருவர், கருவி ஏதும் இல்லாத காலத்தில், காலாலேயே மட்டம் பார்த்திருக்கிறார். அந்த வித்தையைப் பேரப்பிள்ளைகள் மறந்துவிடாமல் இருக்க ஒரு மாட்டின் வாலில் கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. இதிலே இன்னொரு வேடிக்கை: வரகுணனின் 290 காசும் கன்னடியனின் பொன்னும் ஒரே கோயிலைத்தான் சேர்ந்திருக்கின்றன. அரசன் கொடுத்ததற்குக் கல்வெட்டு. கால்வாய்க்காரன் கொடுத்ததற்குக் கதை.

இந்தக் கால்வாய்ப் பாசனத்தில்தான் பத்தமடை இருக்கிறது. கோரையை ஓடுகிற நீரில் ஊறப்போட்டு, மயிரிழையாகக் கிழித்து, பட்டுப் போல மடிக்கக்கூடிய பாய் நெய்கிறார்களே, அந்த ஊர்.

கடனாநதி வந்து கலக்கும் இடத்தில் திருப்புடைமருதூர். கோபுரத்தின் ஐந்து நிலைகளுக்குள்ளும் ஏறினால், சுவரெங்கும் சித்திரம், மரமெங்கும் சிற்பம். கப்பலிலிருந்து அரபிக் குதிரைகள் இறங்குகின்றன. படைகள் மோதுகின்றன. 1532ஐ ஒட்டி விஜயநகரத்தாருக்கும் திருவிதாங்கூராருக்கும் நடந்த தாமிரபரணிப் போரைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. குதிரைக்கும் கப்பலுக்கும் சித்திரக்காரன் வர்ணம் தீட்டினான். வெளியே ஆற்றங்கரை மருத மரங்களிலோ ஆயிரக்கணக்கான பறவைகள். வயலில் தண்ணீர் இருக்கும்வரை அவை வரும்.

திருநெல்வேலியைத் தாண்டி மருதூருக்கு வருவோம். இங்கே அணைக்கட்டு ஆற்றுக்குக் குறுக்கே நேராக நிற்கவில்லை. வளைந்து வளைந்து ஏறக்குறைய 4,000 அடி போகிறது. ஆற்றோடு மல்லுக்கு நிற்காமல், அதன் தோளில் கை போட்டு அழைத்து வருவது போன்ற அமைப்பு. கொஞ்சம் தண்ணீரை இரு பக்கமும் திருப்பிவிட்டு, மிச்சத்தைத் தலைக்கு மேல் போகவிடும். நவதிருப்பதி சேவிக்கக் காரில் போகும் பக்தர்கள் இதன் அருகாகத்தான் போகிறார்கள். எத்தனை பேர் இறங்கிப் பார்க்கிறார்கள்?

ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே ஆதிச்சநல்லூர். 1876இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் தோண்டி, கிடைத்ததை ஜெர்மனிக்குக் கொண்டுபோனார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். 114 ஏக்கர் பரம்பு முழுவதும் தாழிகள். பொன் நெற்றிப்பட்டமும் வெண்கல எருமையும் கிடைத்தன. அவற்றோடு நெல் உமியும் கிடைத்தது. பொன்னைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். உமியைப் பற்றிப் பேச வெகு காலமாயிற்று. வடகரையில் சிவகளையில் கிடைத்த தாழி நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்த பிறகுதான், இந்த ஆற்றங்கரை நெல்லுக்கு மூவாயிரம் வயசுக்கு மேல் என்று நாடு திரும்பிப் பார்த்தது.

ஆறு எப்போதும் தாயாகவே இருப்பதும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் எண்ணூறு பிரயாணிகளோடு மாட்டிக்கொண்டது. பக்கத்துக் கிராமத்து ஜனங்கள், தங்கள் வீடுகளிலும் வெள்ளம் சூழ்ந்திருக்கையில், சமைத்துக் கொண்டுவந்து அவர்களுக்குப் போட்டார்கள். வரகுணன் காலத்துச் சபை என்ன, எதற்காக என்று புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. அது அன்றைக்கு அந்த ஸ்டேஷனில் கூடியிருந்தது.

கடைசியில் கொற்கை. யவன மாலுமிகளின் குறிப்பேடு முத்துக்குளிப்புக்காகச் சொல்லும் பாண்டியர் துறைமுகம். இன்று கடல் அங்கே இல்லை; சில மைல் தள்ளிப் போய்விட்டது. ஆறு கொண்டுவந்த வண்டல் துறையை மூடிற்று. அடுத்து, மார்க்கோ போலோ கண்ட காயலுக்கும் அதே கதிதான். வயலைக் கொடுத்த அதே வண்டல்தான் துறைமுகத்தைப் பறித்தது. கொற்கையிலே இப்போது நிற்பவை வாழையும் நெல்லும். ராஜ்யம் போயிற்று, முத்து போயிற்று, கடலே போயிற்று. பாசனம் மட்டும் இருக்கிறது.

அதுவும் தானாக இருந்துவிடாது. மணல் அள்ளி அள்ளி ஆற்றின் படுகையே கீழே போய், 2010இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை தடை விதிக்க வேண்டியிருந்தது. ஊர்ச் சாக்கடைகள் ஆற்றில்தான் கலக்கின்றன. கல்வெட்டு உள்ள கோயிலில் ஒரு கல் பெயர்ந்தால் பத்திரிகையில் கடிதம் எழுதுகிறோம், எழுதவும் வேண்டியதுதான். கதை மட்டுமே உள்ள கால்வாயில் கரை பெயர்ந்தால் அது பொதுப்பணி இலாகாவின் விஷயமாகிவிடுகிறது. பிரான்ஸ்காரர்கள் வற்றிப்போன கால்வாயை அவ்வளவு மரியாதையாக வைத்திருக்கிறார்கள். ஓடுகிற கால்வாய்க்கு நாம் அதில் பாதி மரியாதையாவது கொடுக்கலாம்.

வரகுணன் 290 காசைக் கொடுத்தபோது போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: வட்டியைச் சாப்பிடலாம், முதலில் கைவைக்கக்கூடாது. இளங்கோக்குடிச் சபையார் அதற்குச் சம்மதித்துக் கையேற்றார்கள். நமக்கு வந்திருக்கும் முதல் அந்தக் காசல்ல, இந்த ஆறு.